பெயர் சொல்லாதிருத்தல்

2001 பிப்ரவரியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஸென்ஸஸ் எடுக்க வந்தவர் எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார். கையில் பெரிய தாள்களும் சட்டைப் பையில் இரண்டு பேனாக்களும். அப்பத்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடும்பத் தலைவர் பேரு என்ன ஆத்தா என்று கேட்டார். அவுக வயலுக்குப் போயிருக்காக தம்பி என்றாள். சரி, பேரு? அப்பத்தா பதில் சொல்லாமல் மேற்கே கையைக் காட்டினாள். எங்கள் ஊரின் மேற்கில் ஒரு குன்றும் அதன்மேல் ஒரு கோயிலும் உண்டு. வாத்தியார் அந்தச் சாமிக்குள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவருக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. நான் பெயரைச் சொல்லிவிட்டேன். வாத்தியார் எழுதிக்கொண்டார், கெட்டிக்காரப் பயல் என்றார். அன்று ராத்திரி வரை அப்பத்தா என்னோடு பேசவில்லை.

தாத்தாவின் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

பல வருஷங்கள் கழித்து, வங்கித் துறைப் பரீட்சைக்காகச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 1948ஆம் வருஷத்து ஸென்ஸஸ் சட்டம் கையில் அகப்பட்டது. சிறிய சட்டம், ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். அதன் எட்டாவது பிரிவு, கணக்கெடுப்பவர் கேட்கும் கேள்விக்குத் தனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்ல ஒவ்வொருவரும் சட்டப்படி கடமைப்பட்டவர் என்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கணவன் பெயரையோ, இறந்துபோன கணவன் பெயரையோ, வழக்கம் தடுத்திருக்கும் வேறு எவர் பெயரையோ சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்பத்தா சட்டப்படி நடந்துகொண்டிருக்கிறாள். வாத்தியாருக்கும் எனக்கும்தான் சட்டம் தெரிந்திருக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு மரபின் மகிமை என்று ஒருவர் புறப்படக்கூடும். எனக்கு அந்த உத்தேசமில்லை. கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் பெண்ணின் வாயைக் கட்டிப் போட்ட வழக்கம்தான். என் கவனத்தைப் பிடித்தது வேறு விஷயம். ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் காட்டிப் பேசச் சொல்கிற ஒரு சட்டம், மனிதர்கள் சொல்ல முடியாத சில சொற்கள் உண்டு என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. சட்டப் புத்தகங்களில் இப்படிப்பட்ட இடங்கள் அபூர்வம்.

தண்டனைகளைப் பதினொன்றாவது பிரிவில் பார்க்கலாம். பதில் சொல்ல மறுப்பவர், தெரிந்தே பொய் சொல்பவர், கதவைத் திறக்காதவர், சுவரில் எழுதிய நம்பரை அழிப்பவர் எல்லாருக்கும் அபராதம்தான். சிறைவாசம் அவர்களுக்கில்லை. அது கணக்கெடுக்கும் பக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது: வேலையைச் செய்ய மறுக்கும் ஊழியர், அசிங்கமான கேள்வி கேட்கும் ஊழியர், பொய்க் கணக்கு எழுதுபவர், கேட்டறிந்ததை வெளியில் சொல்பவர், தாள்களைத் திருத்துபவர், கிழிப்பவர். மௌனமாக இருப்பவரைவிட வாய் தவறியவருக்குத்தான் தண்டனை அதிகம். பதினைந்தாவது பிரிவு இன்னொரு பூட்டு. ஸென்ஸஸ் ஊழியர் எழுதிய பதிவைப் பார்வையிட எவருக்கும் உரிமை கிடையாது. எந்த சிவில் வழக்கிலும் அது சாட்சியமாகாது. கிரிமினல் வழக்கிலும் ஆகாது, ஸென்ஸஸ் பற்றிய குற்றமாகவே இருந்தாலொழிய.

வங்கி குமாஸ்தாவுக்கு இந்தப் பதினைந்தாவது பிரிவு விசித்திரமாகப் படும். நாங்கள் நேர் எதிரான ஒரு சட்டத்தின் கீழ் எழுதிக்கொண்டிருப்பவர்கள். 1891ஆம் வருஷத்து வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி, எங்கள் லெட்ஜரிலிருந்து ஒரு வரியை முறைப்படி நகலெடுத்துச் சான்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கோர்ட்டு அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். எழுதுகிறபோதே என்றோ ஒரு நாள் நீதிபதி பார்க்கப் போகிற வரி அது. வேலையில் சேர்ந்த முதல் நாள் நாங்களும் ரகசியம் காப்பதாக ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறோம், உண்மைதான். ஆனால் அந்த ரகசியத்தில் நான்கு ஓட்டைகள் உண்டு என்பது பரீட்சைக்குப் படித்த எவருக்கும் தெரியும். 1924இல் டூர்னியர் என்பவர் தன் வங்கிமேல் போட்ட வழக்கில் இங்கிலாந்துக் கோர்ட்டு வகுத்தது: சட்டத்தின் கட்டாயம், பொதுமக்களுக்கான கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். முதல் ஓட்டையின் வழியாக மற்ற மூன்றையும் சேர்த்து ஒரு மாட்டு வண்டியே ஓட்டிப் போகலாம்.

ஸென்ஸஸின் ரகசியத்தில் ஓட்டை இல்லையா என்பதுதான் என் கேள்வி. பதில் தேடி நான் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவில்.

அங்கே 1790இல் முதல் கணக்கு எடுத்தபோது ரகசியம் என்ற பேச்சே கிடையாது. பதில் சொல்ல மறுத்தால் இருபது டாலர் அபராதம். எழுதிய பட்டியலை ஊரின் இரண்டு பொது இடங்களில் ஒட்ட வேண்டும் என்று சட்டமே சொல்லிற்று. விட்டுப்போனவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்ற ஏற்பாடு. குடும்பத் தலைவர் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும் மட்டும் கேட்டவரை இதில் யாருக்கும் வெட்கமில்லை. கேள்விகள் வளர வளரத்தான், என்ன நோய், என்ன சொத்து, எந்த தேசத்தில் பிறந்தாய் என்று போகப் போகத்தான், வாய்கள் மூடிக்கொண்டன. மூடிய வாயைத் திறக்க அபராதம் மட்டும் போதாது என்று கண்டுகொண்ட பிறகே சர்க்கார் ரகசியத்தைக் கண்டுபிடித்தது. 1910இல் ஜனாதிபதி டாஃப்ட் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: இந்தக் கணக்கு வரி போட அல்ல, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க அல்ல, இதனால் யாருக்கும் தீங்கு நேராது என்று. ரகசியம் தனிமனித உரிமையாகப் பிறக்கவில்லை. பதிலுக்குக் கொடுத்த விலையாகப் பிறந்தது. ஏழு வருஷம் கழித்து, 1917இல், பட்டாளத்தில் பதிவு செய்யாமல் தப்பித் திரிந்த இளைஞர்களைத் தேடியபோது அதே ஸென்ஸஸ் இலாகா அவர்களைப் பற்றிய விவரங்களை எடுத்துக் கொடுத்தது.

அடுத்த சண்டையின்போது நடந்தது இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். 1941 டிசம்பர் 7இல் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. சில நாட்களிலேயே அமெரிக்காவில் ஜப்பானிய வம்சத்தவர் எங்கெங்கே எத்தனை பேர் என்ற அட்டவணைகள் 1940ஆம் வருஷத்துக் கணக்கிலிருந்து தயாராகிவிட்டன. 1942 பிப்ரவரி 19இல் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர்த்தெடுத்து முள்கம்பி முகாம்களில் வைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். ஸென்ஸஸ் இலாகாவின் நிபுணர் ஒருவர் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கே போய் ராணுவத்துக்கு உதவினார். நகரங்களில் எந்தத் தெருக்கட்டில் எத்தனை பேர் என்பது வரை அட்டவணை கொடுக்கப்பட்டது. பெயர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று இலாகா பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் சொல்லி வந்தது.

இந்த இடத்தில் எனக்குத் திண்ணை ஞாபகம் வந்தது. அப்பத்தா பெயரைச் சொல்லவில்லை, குன்றைக் காட்டினாள். ஊர்க்காரன் எவனுக்கும் அது போதும். அவளுடைய விரதம் வார்த்தையில்தான் இருந்தது, தகவலில் இல்லை. ஸென்ஸஸ் இலாகாவும் பெயரைச் சொல்லவில்லை, தெருவைக் காட்டிற்று. அவள் காட்டியது தன் மனிதர் மீதிருந்த ஒரு கூச்சத்தால். இலாகா காட்டிய தெருவுக்கு லாரிகள் போய் நின்றன. ஆனால் காரியத்தின் அமைப்பு ஒன்றுதான், இதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. பெயரை மறைத்துவிட்டால் மனிதன் மறைந்துவிடுகிறான் என்ற நம்பிக்கையின் மேல்தான் புள்ளிவிவர ரகசியம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு தெருவில் இருப்பதே நாலு வீடானால்?

பெயரும் கொடுக்கப்பட்டது என்பது பிறகு தெரிய வந்தது. 1942 மார்ச்சில் இயற்றிய இரண்டாவது போர் அதிகாரச் சட்டம் ஸென்ஸஸ் ரகசியத்தைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. 1943 ஆகஸ்டில் நிதிமந்திரி மார்கெந்தௌ, வாஷிங்டன் சுற்றுவட்டாரத்திலுள்ள ஜப்பானிய வம்சத்தவர் பட்டியலைக் கேட்டார். இலாகா 79 பேரின் பெயர் விவரங்களை எடுத்துக் கொடுத்தது. வில்லியம் ஸெல்ட்ஸர், மார்கோ ஆண்டர்ஸன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆவணங்களைத் துருவி 2007இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். தெருக்கட்டு அட்டவணைகள் விஷயத்தில் அவர்கள் முன்பே எழுதியிருந்ததைத் தொடர்ந்து, 2000த்தில் ஸென்ஸஸ் இயக்குநராக இருந்த கென்னத் ப்ரூயிட் மன்னிப்புக் கேட்டிருந்தார். 79 பேர் விஷயத்தில் யாரும் தண்டிக்கப்படவில்லை. தண்டிக்கவும் முடியாது. யாரும் சட்டத்தை மீறவில்லை; வாக்குறுதி கொடுத்த சட்டத்தை இன்னொரு சட்டம் நீக்கியிருந்தது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்த பிறகு, 1947இல், ரகசியம் திரும்பி வந்தது. டூர்னியர் வழக்கின் முதல் ஓட்டை இங்கேயும் இருக்கிறது, அதே அளவில்.

ஜெர்மனியில் இதைவிடக் குளிர்ந்த ஒரு காட்சி. 1939 மே 17இல் எடுத்த கணக்கில் ஒரு துணைச் சீட்டு இருந்தது. தாத்தா பாட்டி நால்வரில் யார் யார் யூதர் என்று அதில் எழுத வேண்டும். எழுதிய சீட்டைத் தனி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும், அந்தரங்கம் காக்கப்படுமாம். அந்த உறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்றி, யாரிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டுமோ அவனிடமே நேராகக் கொண்டு சேர்க்கிற உறை.

இதன் ஞாபகம் மேற்கு ஜெர்மானியர்களை விட்டுப் போகவில்லை. 1983 ஏப்ரல் 27ஐக் குறித்து ஒரு ஸென்ஸஸ் அறிவிக்கப்பட்டது. எடுத்த விவரங்களை உள்ளூர்க் குடிப்பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. தேசம் முழுவதும் மறுப்பு இயக்கம் கிளம்பிற்று. நாள் வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஏப்ரல் 13இல், கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள அரசியல் சட்டக் கோர்ட்டு தடை விதித்தது. டிசம்பர் 15இல் தீர்ப்பு. தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் எதற்காகப் போகிறது என்று தீர்மானிக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. கம்ப்யூட்டர் காலத்தில் அற்பமான தகவல் என்று ஒன்று இனிக் கிடையாது, எது எதனோடு சேரும் என்பதுதான் கேள்வி. இது தீர்ப்பின் சாரம். கணக்கெடுப்பையோ பதில் சொல்லும் கடமையையோ அது ரத்து செய்யவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண்ணுகிற மேஜை வேறு, ஆளுகிற மேஜை வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாள் போகக்கூடாது. இதைத்தான் கோர்ட்டு சொல்லிற்று. திருத்திய சட்டத்தின்படி 1987 மே 25இல் கணக்கு நடந்தது. அப்போதும் மறுத்தவர்கள் இருந்தார்கள்.

என் நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், இதையெல்லாம் கேட்டுவிட்டு எண்ணுவதே அராஜகம் என்றார். மனிதனை எண்ணாக்குவது பற்றி நம் சிறுபத்திரிகைக் கவிதைகளில் போதுமான அளவு வந்துவிட்டது, இன்னும் ஒன்று வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம். எண்ணப்படுவதற்காகப் போராடியவர்களும் உண்டு, எண்ணப்பட மறுத்துப் பிறகு நஷ்டப்பட்டவர்களும் உண்டு என்பதைக் கவிஞர்கள் பார்ப்பதில்லை. (நம் கிராமத்து நாவலாசிரியர்களில் பாதிப்பேர் கணக்கெடுப்பவர்கள்தான் என்பது வேறு விஷயம். ஜாதி, கூரை ஓடா கீற்றா, கிணறு உண்டா இல்லையா என்று நிரப்பிக்கொண்டே போவார்கள். அந்தத் தாள்களுக்கும் பதினைந்தாவது பிரிவின் பாதுகாப்பு கிடைத்தால் நல்லது.)

1931ஐ எடுத்துக்கொள்வோம். உப்பு சத்தியாக்கிரகத்தின் வேகம் அடங்காத நேரம். அந்த வருஷம் ஜனவரி 11ஐ ஸென்ஸஸ் பகிஷ்கார ஞாயிறு என்று காங்கிரஸ் அறிவித்தது. சுவரில் நம்பர் எழுத விடாதே, பதில் சொல்லாதே. அந்நிய சர்க்காரின் கேள்விக்கு மௌனம் நியாயமான பதில்தான். நான் அங்கே இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஆனால் ஜாதிவாரியாக முழுமையாக எடுத்து வெளியிடப்பட்ட கடைசிக் கணக்காக அந்த 1931ஆம் வருஷத்துக் கணக்கே நின்றுபோயிற்று. அரை நூற்றாண்டு கழித்து மண்டல் கமிஷன் பிற்படுத்தப்பட்டோர் இத்தனை சதவீதம் என்று கணக்கிட வந்தபோது அந்தப் பழைய ஏட்டைத்தான் திறக்க வேண்டியிருந்தது. அன்று மௌனமாக இருந்த வீடுகளின் பேரன்மார் அந்த ஏட்டில் எங்கே இருக்கிறார்கள்?

1960இல் வில்லியம் ரிக்கன்பேக்கர் என்ற அமெரிக்கர் நீண்ட படிவத்துக்குப் பதில் எழுத மறுத்தார். நூறு டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட அறுபது நாள் சிறைத்தண்டனையும் கிடைத்தன. அப்பீலில் 1962இல் தண்டனையை உறுதி செய்து தீர்ப்பு எழுதியவர் தர்கூட் மார்ஷல். கறுப்புக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்பதை 1954இல் கோர்ட்டில் உடைத்த வக்கீல் அவர். எண்ணப்படாமல் போவது என்ன என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்பில் அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, என் ஊகம்.

இரண்டு பக்கத்தையும் ஒரே ராத்திரியில் காட்டியவர்கள் இங்கிலாந்தின் ஓட்டுரிமைப் பெண்கள். ஓட்டில்லையென்றால் கணக்கும் இல்லை என்று 1911 ஏப்ரல் 2ஆம் தேதி ராத்திரி வீட்டைவிட்டு வெளியேறி, சறுக்கு மைதானத்திலும் தெருக்களிலும் பொழுதைக் கழித்தார்கள். எமிலி வைல்டிங் டேவிஸன் பார்லிமெண்டு கட்டிடத்திலுள்ள தேவாலயத்தின் அலமாரி ஒன்றில் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்தவர்கள் பார்லிமெண்டில் இருந்ததாக அவரைப் பதிவு செய்தார்கள். வீட்டுக்காரி தன் வீட்டில் இருப்பதாகப் பதிவு செய்துவிட்டாள். எண்ணப்பட மறுத்தவர் இரண்டு முறை எண்ணப்பட்டார். அபராதம் ஐந்து பவுன் வரை போடலாம். சர்க்கார் யார்மேலும் வழக்குப் போடாமல் விட்டுவிட்டது. மௌனத்தைத் தண்டித்தால் அது செய்தியாகிவிடும் என்ற சாமர்த்தியம் அவர்களுக்கு இருந்தது.

நம் கதைக்கு வருகிறேன். 2010இல் வீட்டுப் பட்டியல் எடுக்க வந்த ஊழியரிடம் இன்னொரு படிவமும் இருந்தது, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கானது. வந்த ஆள் ஒன்று, பை ஒன்று, உட்கார்ந்த திண்ணை ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு. முதல் படிவம் 1948ஆம் வருஷத்து ஸென்ஸஸ் சட்டத்தின் கீழ் வருவது. இரண்டாவது 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தையும் அதன் கீழ் 2003இல் செய்த விதிகளையும் சேர்ந்தது. விதிகளை மீறினால் அங்கேயும் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பதினைந்தாவது பிரிவு மட்டும் அங்கே இல்லை. ஒன்று எண்ணுகிற தாள்; மற்றது பெயருக்காகவே எடுத்த தாள். இதைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற எந்த அப்பத்தாவிடமாவது யாராவது சொன்னார்களா? கார்ல்ஸ்ரூஹே கோர்ட்டு இரண்டு மேஜை வேண்டும் என்றது. நாம் ஒரே பையில் இரண்டு தாளை வைத்து அனுப்பினோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டு 24இல். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் குறித்து 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. இம்முறை காகிதமில்லை, செல்போன். ஜாதியும் கேட்கப்படும் என்று முடிவாகியிருக்கிறது. கேட்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கேட்டதை எந்த மேஜையில் வைப்பார்கள் என்பதை மட்டும் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்து கவனிக்கப் போகிறேன்.

2001இல் வாத்தியார் எழுதிய அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசை இருந்தது. தாத்தா பெயரை இனிஷியலோடு எழுதினாரா, அப்பத்தா பெயரைச் சரியாக எழுதினாரா என்று. பார்க்க எனக்கு உரிமையில்லை, பதினைந்தாவது பிரிவு. அப்பத்தா இறந்தபோது பஞ்சாயத்து ஆபீஸில் மரணப் பதிவுப் படிவம் கொடுத்தார்கள். அது வேறு சட்டம், 1969ஆம் வருஷத்தது. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம், கோர்ட்டில் செல்லும், மரணத்தின் காரணத்தை மட்டும் நகலில் காட்டக்கூடாது. கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கிருந்த குமாஸ்தா பேனாவை நீட்டினார். நான்தான் எழுதினேன்.